பிரித்துப் பார்க்கும் வித்தை

டெய்லர் கடையில் "அளவுச் சட்டை இருக்கா?" என்று கேட்பார்கள் அல்லவா? கை தேர்ந்த டெய்லரிடம் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தால் போதும். தையலைப் பார்த்தே துணி எப்படி வெட்டப்பட்டது என்று சொல்லிவிடுவார். சாஃப்ட்வேரில் இந்த வேலைக்குப் பெயர் ரிவர்ஸ் என்ஜினீயரிங்.

நாம் 'சி'யில் எழுதும் புரோகிராமை கம்பைலர் மெஷின் கோடாக மாற்றுகிறது. அதில் நாம் எழுதிய கமென்ட் எல்லாம் போய்விடும். வேரியபிள் பெயர்களும் பெரும்பாலும் மிஞ்சாது. மிஞ்சுவது வெறும் எண்கள். அந்த எண்களிலிருந்து, எழுதியவன் என்ன நினைத்தான் என்று பின்னோக்கிப் போக வேண்டும். வைரஸ் எழுதுகிறவன் சோர்ஸ் கோடு கொடுப்பானா என்ன?

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2019 அக்டோபர் 28 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டதாகச் செய்தி பரவியது. மறுநாள் நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. அதற்கும் மறுநாள், 30-ம் தேதி, இந்திய அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் அது இருந்தது, முக்கியமான உள் நெட்வொர்க் தனியாகவே இருக்கிறது, செப்டம்பர் 4-ம் தேதியே செர்ட்-இன் தகவல் கொடுத்துவிட்டது என்றும் சொன்னது.

சரி, வெளியாட்களுக்கு இது எப்படித் தெரிந்தது? சந்தேகமான ஃபைல்களைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் அந்த வைரஸின் பிரதி ஒன்று ஏறியிருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்தார்கள். உள்ளே "கே.கே.என்.பி.பி." என்ற பெயர், அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற யூசர் பெயர், கூடவே ஒரு பாஸ்வேர்டு! கூடங்குளம் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான் அது. ஊர் ஊராகச் சுற்றும் சாதாரண வைரஸுக்கு இந்தப் பாஸ்வேர்டு எங்கிருந்து கிடைக்கும்? யாரோ முன்கூட்டியே உள்ளே வேவு பார்த்து, அந்த இடத்துக்கென்றே செய்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். மறுப்பு அறிக்கையை விட அந்த ஒரு வரி அதிகம் பேசியது என்பது என் எண்ணம்.

அந்த வைரஸ் டிட்ராக் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதைப் பற்றி எழுதியிருந்தது. கீபோர்டில் அடிப்பதைப் பதிவு செய்வது, பிரவுசர் ஹிஸ்டரியை எடுப்பது, டிஸ்க்கில் உள்ள ஃபைல்களைப் பட்டியல் போடுவது, இவைதான் அதன் வேலை. சரக்கை என்கிரிப்ட் செய்து ஒளித்து வைத்து, மெமரியில் மட்டும் விரிக்கும் கள்ளத்தனமும் உண்டு. அப்படிப்பட்டதை டீபக்கரில் ஓடவிட்டு, விரிந்த நேரத்தில் பிடிக்க வேண்டும்.

நாமும் லேபில் செய்து பார்க்கலாம். பாஸ்வேர்டு கேட்கும் சின்ன 'சி' புரோகிராம் எழுதுங்கள். உள்ளே எஸ்.டி.ஆர்.சி.எம்.பி. வைத்து "மல்லிகை" என்பதை ஆங்கில எழுத்தில் ஒப்பிடுங்கள். லினக்ஸில் கம்பைல் செய்து, வந்த ஃபைல் மீது "ஸ்ட்ரிங்ஸ்" கட்டளையைக் கொடுங்கள். மல்லிகை அப்படியே வந்து நிற்கும்! பாஸ்வேர்டை புரோகிராமுக்குள் எழுதி வைப்பது எவ்வளவு ஆபத்து என்று அப்போது புரியும்.

அடுத்தது டிஸ்அசெம்பிளர். அது எண்களை அசெம்பிளி வரிகளாக்கும். ஒப்பிட்ட பிறகு வரும் ஜம்ப் வரியைப் பாருங்கள். ஹெக்ஸில் 75 என்றால் "சமமில்லை என்றால் தாவு". 74 என்றால் "சமம் என்றால் தாவு". உங்கள் ஃபைலில் 75 இருந்தால், ஹெக்ஸ் எடிட்டரில் அந்த ஒரே பைட்டை 74 ஆக்குங்கள். சரியான பாஸ்வேர்டு தப்பாகும், தப்பானது சரியாகும். (எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.)

ஐடா பழைய, பேர் போன டிஸ்அசெம்பிளர். ஆனால் முழு வசதிக்குக் காசு வேண்டும். நமக்குத் தோது கிட்ரா. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. 2019 மார்ச்சில் இலவசமாக வெளியிட்டது. அசெம்பிளியை 'சி' போலவே எழுதிக் காட்டும். உளவாளி கொடுத்ததை நம்பலாமா என்று கேட்காதீர்கள். அதன் சோர்ஸ் கோடே வெளியில் இருக்கிறது, நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

இது சட்டப்படி சரியா என்று பலர் கேட்கிறார்கள். காப்புரிமைச் சட்டம் 1957-ல், 52-வது பிரிவில், 1999-ல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். முறையாக வாங்கிய புரோகிராம் எந்தத் தத்துவத்தில் வேலை செய்கிறது என்று கவனித்தும் சோதித்தும் தெரிந்துகொள்ள அது இடம் தருகிறது. அடுத்தவர் சாஃப்ட்வேரின் பூட்டை உடைத்து சிடி போட்டு விற்பதற்கு அதில் இடமில்லை. நிஜ வைரஸை லேப் மெஷினில் திறக்கவும் வேண்டாம். நெட்வொர்க் துண்டித்த விர்ச்சுவல் மெஷின் தயாரான பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை மல்லிகை போதும்.