தொடர்மாடி நிர்வாகக் குழுவில் இருப்போரின் பொறுப்புகள்

ஈஸ்ற்ஹாமிலும் வெம்பிளியிலும் ரூட்டிங்கிலும் எம்மவர் பலர் தொடர்மாடிகளில் வீடு வாங்கியுள்ளனர். வாங்கியது நீண்டகாலக் குத்தகை மட்டுமே என்பதும், கூரையும் படிக்கட்டும் வேறொருவருடையவை என்பதும் சேவைக் கட்டணச் சிட்டை வந்த பின்னரே பலருக்கு உறைக்கின்றது. சில கட்டடங்களில் அந்த வேறொருவர் நாமேதான். குடியிருப்பாளர்கள் கூடி அமைத்த கம்பனி நிலத்தையே வாங்கியிருக்கும். அல்லது 2002ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நிர்வகிக்கும் உரிமையைப் பெற்று நிர்வாகத்தை மட்டும் ஏற்றிருக்கும். அக்கம்பனிக்குப் பணிப்பாளர்கள் வேண்டும். கூட்டத்தில் ஒருவரும் கை உயர்த்தாதபோது, "தம்பி, நீங்கள் படித்தவர், இருந்துவிடுங்கோ" என்று யாரையாவது பிடித்துவிடுவார்கள். அவரும் மறுக்கக் கூச்சப்பட்டு ஒப்புக்கொள்வார். அவ்வாறு பதவிக்கு வந்த அன்பர்களை எண்ணியே இதை எழுதுகின்றோம்.

பொதுச் சொத்து எமக்குப் புதிய விடயமல்ல. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். யார் எந்த நாள் இறைப்பது, தூர் வாரும் செலவு யாருடையது என்று கூடப்பிறந்தவர்களே கோட்டுப் படியேறிய கதைகளை நாம் அறிவோம். தொடர்மாடியின் கூரையும் ஒரு பங்குக் கிணறுதான்.

2006ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம், சம்பளம் பெறும் பணிப்பாளர், பெறாத பணிப்பாளர் என்று வேறுபாடு காட்டுவதில்லை. நியாயமான கவனத்தோடும் திறமையோடும் நடக்கவேண்டும் என்கின்றது. ஒருவருக்குத் தனித் தகைமை இருந்தால் அதற்கேற்ற கவனமும் எதிர்பார்க்கப்படும். ஆகவே எம்மைப் போன்ற கணக்காளர்கள் "கணக்கைச் செயலாளர் பார்த்தார்" என்று சொல்லித் தப்ப இயலாது. மைத்துனரின் கம்பனிக்குப் பூச்சு வேலை கொடுப்பதானால் அந்த உறவை ஒப்பந்தத்துக்கு முன்பே சக பணிப்பாளர்களுக்கு அறிவிக்கவேண்டும். மலிவாகச் செய்கிறார் என்பது அதற்கு விடையாகாது.

சேவைக் கட்டணமாகச் சேரும் பணம் கம்பனியின் இலாபமல்ல. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி அது குடியிருப்பாளர்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் பணம். செலவு ஏற்பட்டு 18 மாதத்துக்குள் சிட்டை அனுப்பவேண்டும்; அல்லது செலவு ஏற்பட்டதையும் அது பின்னர் அறவிடப்படும் என்பதையும் எழுத்தில் அறிவிக்கவேண்டும். தவறினால் அப்பணத்தைக் கேட்கும் உரிமை போய்விடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பெரிய திருத்த வேலை. எந்த ஒரு வீட்டின் பங்காவது 250 பவுணைத் தாண்டுமானால் முன்கூட்டியே கலந்தாலோசிக்கவேண்டும். முதலில் என்ன வேலை, ஏன் என்று அறிவித்து 30 நாள் பொறுத்தல். பின்னர் மதிப்பீடுகளைக் காட்டி மீண்டும் 30 நாள். 12 வீடுள்ள கட்டடமொன்றில் 18,000 பவுணுக்குக் கூரை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு 1,500. ஒழுக்கு நிற்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அறிவித்தல் இன்றி வேலையைக் கொடுத்தால் வீட்டுக்கு 250 வீதம் 3,000 பவுண் மட்டுமே அறவிடலாம். மீதி 15,000 எங்கிருந்து வரும்? இத்தகைய கம்பனிக்கு வேறு வருமானம் ஏது?

மஸ்வெல் ஹில்லில் உள்ள குயீன்ஸ் மான்ஷன்ஸ் வழக்கு இதற்குச் சான்று. கட்டடத்தின் உரிமையாளரான டேஜான் கம்பனி கலந்தாலோசனையைப் பாதியில் முடித்துக்கொண்டது. ஐந்து குத்தகையாளரிடம் ஏறக்குறைய 280,000 பவுண் கேட்ட இடத்தில், சட்டப்படி 1,250 பவுண்தான் கிடைக்கும் நிலை வந்தது. 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், விதிவிலக்கு அளித்தது. ஆனால் 50,000 பவுண் குறைக்கவும், குத்தகையாளரின் நியாயமான வழக்குச் செலவைக் கொடுக்கவும் வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். பெரிய கம்பனிக்கு அது தாங்கும். 12 வீட்டுக்காரர் தாங்குவார்களா?

அவசர வேலையானால் தீர்ப்பாயத்திடம் விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நாட்களைக் கலண்டரில் குறித்து அறிவித்தலை ஒழுங்காக அனுப்புவதே மலிவானது. ஆங்கிலக் கடிதம் வாசிக்க இயலாத முதியவர்கள் உள்ள வீட்டுக்கு ஒருமுறை நேரிற் சென்று விளக்கிவிடுங்கள். பின்னால் வரும் மனஸ்தாபங்களிற் பாதி அதிலேயே நின்றுவிடும்.

2017 ஜூனில் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் மாண்டபின் தீப்பாதுகாப்பு விதிகள் இறுகியுள்ளன. 2023 ஜனவரி 23 முதல், 11 மீற்றருக்கு மேற்பட்ட கட்டடங்களில் பொது இடங்களின் தீத்தடுப்புக் கதவுகளை மூன்று மாதத்துக்கொருமுறையும், வீட்டு வாசற்கதவுகளை ஆண்டுக்கொருமுறையும் பரிசோதிக்கவேண்டும். பரிசோதித்த திகதியை எழுதி வையுங்கள். படிக்கட்டில் சைக்கிளும் தள்ளுவண்டியும் வைக்கும் அயலவர் கோபித்தாலும் பரவாயில்லை, அகற்றச் சொல்லுங்கள்.

கம்பனிப் பதிவகத்துக்கு, நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் கணக்கு அனுப்பவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் 150 பவுண் தண்டம். தொடர்ந்து அசட்டையாக இருந்து கம்பனியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டால், அதன் சொத்து முடிக்குரியதாகிவிடும். நிலம் கம்பனியின் பெயரில் இருந்தால் நிலமும் சேர்த்துத்தான்.

முகவர் ஒருவரை அமர்த்தினாலும் பொறுப்பு கைமாறுவதில்லை. வங்கிக் கூற்றை மாதந்தோறும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பணிப்பாளர் பொறுப்புக் காப்புறுதி உண்டா என்றும் விசாரியுங்கள்.

பணிப்பாளர் அல்லாத அன்பர்களுக்கும் ஒன்று. செலவுச் சுருக்கத்தைக் கேட்டுப் பெறவும், அதைப் பெற்று ஆறு மாதத்துக்குள் பற்றுச்சீட்டுகளைப் பார்வையிடக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டு ஒரு மாதத்துக்குள் வசதி செய்து தரவேண்டும். தக்க காரணமின்றி மறுப்பது குற்றம். எம்மவர் நடத்தும் கம்பனிகளில் சிலர் இதைத் தம் நேர்மைமீது வந்த சந்தேகமாக எடுத்து முகம் கொடுத்துப் பேசாமல் விடுகின்றனர். கோப்பை மேசையில் வைத்து, தேநீரும் கொடுத்து, பார்க்க விடுவதே முறை.