மணல் ஒட்டிய கடற்படம்



புசல்லாவை மலையில் இருந்துகொண்டு கடலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்வந்தவர்கள் மீன்பிடி வள்ளங்கள் மணலில் இழுத்துவிடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதே காட்சியை ஒல்லாந்து தேசத்தில் ஒருவர் தைல வர்ணத்தில் தீட்டினார். அந்தப் படத்தின் கதை, நம் வீட்டுச் சுவரில் பழைய ஓவியம் வைத்திருப்போருக்கும் உதவும்.

ஹேக் நகருக்கு அருகே ஸ்கெவனிங்கன் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. 1904ஆம் ஆண்டு வரை அங்கே துறைமுகம் கிடையாது. ஆகவே அடிப்பாகம் தட்டையான வள்ளங்களைக் கட்டி, மணலிலேயே ஏற்றி நிறுத்துவார்கள். புயல் வந்தால் ஒதுங்க இடமில்லை. 1894 டிசெம்பரில் அடித்த பெரும் புயல் கரையில் நின்ற வள்ளங்களையே நொறுக்கிப் போட்டது. அதன் பிறகுதான் துறைமுகக் கோரிக்கை பலித்தது.

அதற்கு 12 ஆண்டுகள் முன்னர், 1882 ஆகஸ்டில், வின்சென்ட் வான் கோ அந்தக் கரைக்குப் போனார். வயது 29, தைல வர்ணம் கையில் எடுத்த புதிது. அன்று நிற்கவே முடியாத காற்று. ஈர வர்ணத்தின் மேல் மணல் அப்பிக்கொண்டது. இரண்டு தடவை எல்லாவற்றையும் சுரண்டி எறிய வேண்டி வந்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்த சிறு விடுதியில் ஒதுங்கி, இடையிடையே போய்க் கடலைப் பார்த்துவந்து மறுபடியும் தீட்டினாராம். பிடிவாதக்காரர்தான்! கலங்கிய அலை, ஒரு வள்ளம், சிறுசிறு கரிய மனித உருவங்கள். ஏறக்குறைய அரை மீற்றர் அகலம். அவ்வளவுதான் படம். ஆனால் சுரண்டியும் போகாத மணற்பருக்கைகள் அதில் இன்றும் இருக்கின்றன.

2002 டிசெம்பரில் திருடர்கள் கூரை வழியாக அம்ஸ்டர்டாம் வான் கோ நூதனசாலையில் நுழைந்து இதைத் தூக்கிச் சென்றார்கள். 2016இல் இத்தாலியில் நேபிள்ஸ் பக்கத்தில் அகப்பட்டது. மறு ஆண்டு வீடு திரும்பியபோது இடப்புறக் கீழ்மூலையில் 5 சென்ரிமீற்றர் அளவு வர்ணம் உதிர்ந்திருந்தது. பின்னர் நிபுணர்கள் அதைச் செப்பனிட்டு, மஞ்சளித்துப்போன பழைய வார்னிஷையும் நீக்கினார்கள். மணலை மட்டும் விட்டுவிட்டார்கள். அழுக்கென்று அதைத் தேய்த்திருந்தால் அந்தப் புயல்நாளின் சாட்சி போயிருக்கும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். முதலில் உங்கள் படத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒழுங்கான சிறு புள்ளிகள் தெரிந்தால் அச்சுப்படம். தூரிகைத் தடம் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தால் கையால் தீட்டியதாக இருக்கக்கூடும். அதைத் திருவிழாவுக்கு முன் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கொண்டு தேய்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். அழுக்கோடு வர்ணமும் சேர்ந்து வந்துவிடும். போன வர்ணத்தைத் திரும்ப ஒட்ட எவராலும் முடியாது. தேங்காயெண்ணெய் தடவினால் பளபளப்பு வரும், தூசியும் கூடவே வந்து ஒட்டும்.

நம் மலைப்பக்கத்தில் புகையைவிட ஈரமே பெரிய பகை. பனிமூட்ட நாட்களில் சுவர் வியர்க்கும். படத்தின் முதுகில் பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போய்வரும். விளக்கை நேர் கீழே வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள். வர்ணம் உதிராமல் இருந்தால் மட்டும், காய்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டலாம்.