பொன்முடியின் பனியும் இமயத்தின் பனியும்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பகுதியில், கடல் மட்டத்திற்குமேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பொன்முடி. விதுரையைக் கடந்து, கல்லாற்றிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்லும் பயணி, தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிப் புல்வெளியை அடையும்போது, எதிரே நிற்பவரையும் மறைக்கும் வெண்திரை ஒன்று பள்ளத்தாக்கிலிருந்து எழுந்து வருவதைக் காண்பார். இதனையே சுற்றுலா வெளியீடுகள் "பனி படர்ந்த பொன்முடி" என்று வருணிக்கின்றன. இமயமலைச் சாரலில் சாலைகளை அடைத்து நிற்பதும் பனி என்றே நம்மால் அழைக்கப்படுகிறது. நீலகிரியில் தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதும் பனி; மார்கழி விடியலில் புல் நுனியில் தங்குவதும் பனி.

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த பண்டைத் தமிழர், முன்பனி, பின்பனி என இரண்டினைப் பனிக்கே ஒதுக்கினர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழியை இன்றும் கிராமங்களில் கேட்கலாம். எனினும் இவையெல்லாம் சமவெளியின் பனித்துளியையும் மூடுபனியையும் குறித்தவை. வெண்பனிப் பொழிவு நமது நிலத்தில் நிகழாததால், அதற்கெனத் தனிச்சொல் வழக்கில் ஊன்றவில்லை. மலையாளத்திலும் 'மஞ்ஞு' என்ற ஒரே சொல் இவ்வளவு பொருள்களையும் சுமக்கிறது. இலக்கியத்தில் இதனால் குறைவொன்றுமில்லை. கோப்புகளிலும் திட்ட அறிக்கைகளிலும் குழப்பம் நேர்கிறது. நான்கு வேறுபட்ட இயற்கை நிகழ்ச்சிகள் ஒரே பெயரில் எழுதப்படும்போது, நிவாரணமும் முதலீடும் திசை மாறிவிடுகின்றன.

வெண்பனி ஏன் பொழிவதில்லை?

பொன்முடி வட அட்சம் 8¾ பாகையில் உள்ளது. ஆண்டின் மிகக் குறுகிய பகலான டிசம்பர் 22ஆம் நாளையொட்டியும் அங்கு நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 58 பாகை உயரத்தில் நிற்கிறது. பகற்பொழுது பதினொன்றரை மணி நேரத்திற்குக் குறைவதில்லை. அதே நாளில் சிம்லாவில் சூரியன் ஏறும் உயரம் சுமார் 35 பாகையே; பகலும் ஏறத்தாழ பத்து மணி நேரந்தான். குளிர்காலம் என்பது அடிப்படையில் சூரிய வெப்ப வரவில் ஏற்படும் பற்றாக்குறையே. அப்பற்றாக்குறை பொன்முடியில் மிகச் சிறியது.

அடுத்தது உயரம். காற்று மண்டலத்தில் மேலே செல்லச் செல்ல, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை சென்டிகிரேடு குறைகிறது. ஜனவரியில் திருவனந்தபுரத்தின் சராசரி வெப்பநிலை சுமார் 27 பாகை என்று கொண்டால், பொன்முடியில் அது 20 பாகையளவில் இருக்கும். உறைநிலையை எட்ட வேண்டுமாயின், இதே கணக்கில், 4,000 மீட்டருக்கும் அதிகமாக ஏற வேண்டும். இமயத்திற்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அதனைப் போல் ஒன்றரை மடங்கு உயர்ந்த மலை இங்கு இருந்தால்தான் வெண்பனியைப் பற்றிப் பேச இடமுண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய கிளிமஞ்சாரோவின் உச்சியில் பனிக்கட்டி இருப்பது, அம்மலை 5,895 மீட்டர் உயர்ந்திருப்பதாலேயே.

மலை தொடும் மேகம்

அவ்வாறாயின் பயணி காணும் வெண்திரை யாது? அது மேகமே. அரபிக்கடலின் ஈரக்காற்று நிலத்தின்மீது நகர்ந்து மலைச்சரிவில் மோதி மேலெழும்போது குளிர்கிறது. குறிப்பிட்ட உயரத்தில் அதன் ஈரம் நுண்துளிகளாகத் திரள்கிறது. அந்த உயரத்தை மாணவர்கள் எளிதில் கணக்கிடலாம். காற்றின் வெப்பநிலைக்கும் அதன் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125ஆல் பெருக்கினால், மேகத்தின் அடித்தளம் ஏறத்தாழ எத்தனை மீட்டர் உயரத்தில் அமையும் என்பது கிடைக்கும். கடற்கரையில் வெப்பநிலை 30 பாகை, பனிநிலை 23 பாகை எனில், விடை 875 மீட்டர். பொன்முடியோ 1,100 மீட்டர். அடிவாரத்தில் நிற்பவருக்கு மேகமாகத் தோன்றுவது, உச்சியில் நிற்பவருக்கு மூடுபனியாகத் தோன்றுகிறது. ஜனவரியில் காலை வேளை தெளிவாக இருந்து, கடற்காற்று வலுப்பெறும் பிற்பகலில் மலை மூடிக்கொள்வதன் காரணமும் இதுவே. காலையில் புறப்படாமல் மதிய உணவிற்குப் பின் மலையேறி, ஒன்றும் தெரியவில்லையே என்று வருந்தித் திரும்புவோர் பலர்.

பார்வைத் தொலைவு ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்தால் மட்டுமே வானிலையாளர் அதனை மூடுபனி எனப் பதிவு செய்வர். கொண்டை ஊசி வளைவுகளில் வாகனம் ஓட்டுவோருக்கு இந்த வரையறை போதாது. அங்கு ஐம்பது மீட்டர் தெரிவதும் தெரியாததுமே முக்கியம்.

ஒரே மலை, இரு மழைகள்

வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரு மாதங்களே குளிர்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக்கு உரியது. கேரளத்தார் அதனைத் துலாவர்ஷம் என்பர். ஆகவே டிசம்பரில் பொன்முடியில் நிலவும் குளிரும் மூட்டமும் பெரும்பாலும் மழைக்காலத்தின் எச்சமாகும். வங்கக் கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வு நிலைகள் மலையின் கிழக்குச் சரிவில், அதாவது தாமிரபரணி பிறக்கும் பொதிகைப் பக்கத்தில், நீரைக் கொட்டுகின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி முனையைச் சுற்றி வந்தபோது இருபுறமும் துன்புற்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாகி, தாமிரபரணி கரைபுரண்டது. தென்கோடி மலைகளின் குளிர்கால இடர் எது என்று கேட்டால், பனியைக் காட்டிலும் இந்த மழையையும் அதனால் நேரும் மண்சரிவையுமே முதலில் குறிப்பிட வேண்டும்.

இம்மலைகளின் வானிலையை முறையாக அளக்கும் முயற்சி மிகப் பழமையானது என்பதை இங்கு நினைவுகூரலாம். 1837இல் சுவாதித் திருநாள் மன்னர் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். 1852இல் அதன் பொறுப்பேற்ற ஜான் ஆலன் ப்ரௌன், கீழே அளப்பதோடு நிறைவு கொள்ளாமல், 1855இல் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையின் உச்சியிலும் ஒரு கூடம் அமைத்தார். யானைக் காடுகளினூடே கருவிகளைச் சுமந்து சென்று, மலையுச்சியிலும் கடற்கரையிலும் ஒருங்கே அளவெடுத்து ஒப்பிட முனைந்தார். இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்ததோ 1875இல்தான்.

உறைபனி: அளவுகோலும் நிவாரணமும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் உறைநிலையைக் காண வேண்டுமானால் வடக்கே மூணாறுக்கும் நீலகிரிக்கும் செல்ல வேண்டும். அங்கும் வானத்திலிருந்து எதுவும் பொழிவதில்லை. மேகமற்ற, காற்றசையாத இரவில் தரை தன் வெப்பத்தை விண்ணுக்கு இழக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து தாழ்வான இடங்களில் தேங்குகிறது. அங்கு நீராவி புல்லின்மேல் நேரே படிகமாகிறது. இதனாலேயே உறைபனி மேட்டுநிலத்தை விட்டுப் பள்ளத்தைத் தாக்குகிறது. நீலகிரி மக்கள் முதலில் வரும் நீர்ப்பனியையும் பின்னர் வரும் உறைபனியையும் பிரித்தே பேசுகின்றனர். அலுவலகங்கள் பின்பற்றத்தக்க சொல்லாட்சி இது. உதகை தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் கொண்டு மூடிக் காப்பதும் தரையின் வெப்பம் மேலே செல்லாமல் தடுக்கும் முறையே. (நீலகிரியின் அவலாஞ்சி என்ற ஊர்ப்பெயர் மேலைநாடுகளில் பனிச்சரிவைக் குறிக்கும் சொல்லாயினும், இங்கு அது மண்சரிவின் நினைவாக வந்தது. 2019 ஆகஸ்டில் அவ்வூரில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது மழையே.)

2019 ஜனவரியில் மூணாறில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கி, நூற்றுக்கணக்கான ஹெக்டேர் தேயிலை கருகியது. இரவில் இலையின் உயிரணுக்களில் உறைந்த நீர் காலை வெயிலில் விரைந்து உருகும்போது கொழுந்து பழுப்பேறி உதிர்கிறது. சில வாரங்களுக்குப் பறிப்பு இல்லை. பறிப்பு இல்லையெனில் நாட்கூலிக்கும் சிறு விவசாயிக்கும் வருவாய் இல்லை.

கடுங்குளிரும் உறைபனியும் 2012இல் பேரிடர்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பயிர்ச் சேதம் 33 சதவிகிதமும் அதற்கு மேலும் இருந்தால் இடுபொருள் மானியம் பெற 2015 முதல் வழியுண்டு. ஆனால் சேதத்தை மெய்ப்பிப்பது எவ்வாறு? வானிலை நிலையத்தின் வெப்பமானி, தரைக்கு 1.2 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள் தொங்குகிறது. அமைதியான இரவில் அது 3 அல்லது 4 பாகை காட்டும்போதே, புல்லின் மட்டத்தில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே சென்றிருக்கக்கூடும். மேலும் அந்நிலையம் பெரும்பாலும் மேட்டில் இருக்கும், தோட்டமோ பள்ளத்தில். பெட்டியின் அளவை மட்டும் படித்து, "அன்று உறைநிலை எட்டவில்லை" என்று விண்ணப்பத்தைத் தள்ளுவது விதிப்படி சரியாகத் தோன்றலாம், அறிவியற்படி தவறு. தரையொட்டிய குறைந்தபட்ச வெப்பமானி ஒன்றை ஒவ்வொரு தேயிலைப் பள்ளத்தாக்கிலும் வைப்பதற்கு ஆகும் செலவு அற்பமானது.

மறுபுறம், "பனியால் தேயிலை கெட்டது" என்று எழுதப்படும் மனுக்களெல்லாம் உறைபனியைச் சார்ந்தவையும் அல்ல. 1946இல் தென்னிந்தியத் தோட்டங்களில் முதன்முதலாகக் காணப்பட்ட கொப்புள நோய், ஈரமும் மூட்டமும் தொடரும் நாட்களில் பரவும் பூஞ்சை நோயாகும். பொன்முடி போன்ற உயரத்தில் தேயிலையைப் பனி கெடுத்தது என்றால், அது பெரும்பாலும் இவ்வழியில்தான். முன்னதற்கு நிழல் மரமும் தண்ணீர்த் தெளிப்பும் காப்பு. பின்னதற்குப் பூஞ்சைக்கொல்லியும், நிழலைக் கழித்து வெளிச்சம் விடுவதும். ஒன்றன் மருந்து மற்றொன்றைப் பெருக்கும்.

இமயம் சேமிக்கும் முறை

இமயத்தில் குளிர்காலப் பனி வேறொரு பொருளாதாரத்தைச் சார்ந்தது. மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து டிசம்பர் முதல் மார்ச் வரை வரும், 'மேற்கத்திய இடையூறுகள்' எனப்படும் தாழ்வழுத்தச் சுழல்கள், காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம் ஆகியவற்றின் உயர்மலைகளில் வெண்பனியைப் பொழிகின்றன. புதிதாக விழுந்த பனி பத்து செ.மீ. உருகினால் ஏறத்தாழ ஒரு செ.மீ. நீர் கிடைக்கும். தேவையற்ற மாதத்தில் பெய்து, தேவையுள்ள கோடையில் உருகி வருவதே இதன் சிறப்பு. பக்ரா அணைக்கு வரும் சட்லஜ் நீரில் பாதிக்கு மேற்பட்டது பனியும் பனியாறுகளும் உருகிக் கிடைப்பதாக மதிப்பிட்டுள்ளனர். அணை கட்டாமலே அமைந்த நீர்த்தேக்கம் அது.

அந்தப் பனிக்கும் தெற்கின் மழைக்கும் தொடர்பு தேடிய வரலாறும் உண்டு. 1876-78 பெரும் பஞ்சத்தின் பின்னர், வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயத்தில் குளிர்காலப் பனி மிகுந்தால் அடுத்துவரும் பருவமழை நலியும் என்று 1884இல் முன்மொழிந்தார். அதனடிப்படையில் 1886 ஜூன் 4ஆம் நாள் முதல் பருவமழை முன்னறிவிப்பு வெளியாயிற்று. அத்தொடர்பு எல்லா ஆண்டுகளிலும் நிற்கவில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. இன்றைய முன்னறிவிப்பு வேறு பல காரணிகளையும் சேர்த்துக்கொள்கிறது.

பொன்முடியின் இருப்பு

பொன்முடிக்கு இந்தப் பனி இருப்பு கிடையாது. விழுந்த மழை உடனே ஓட வேண்டும், அல்லது மண்ணிற்குள் இறங்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை. இங்கு நீரைப் பிடித்துவைத்துச் சிறுகச்சிறுக விடுவது சோலைக்காட்டின் மக்கு மண்ணும், புல்வெளியின் வேர்ப்பரப்புமே. மூடுபனியிலிருந்து இலைகள் வடித்து உதிர்க்கும் துளிகளும் இதனோடு சேர்கின்றன. இத்துளிகள் திறந்தவெளியில் வைக்கப்படும் மழைமானியில் விழுவதில்லையாதலால், நீர்க்கணக்கில் இடம் பெறுவதுமில்லை.

1974-75இல் தொடங்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலை மேம்பாட்டுத் திட்டம், பரப்பில் குறைந்தது 20 சதவிகிதம் 600 மீட்டருக்கு மேல் உள்ள தாலுகாக்களைத் தேர்ந்தெடுத்தது. உயரத்தை அளவுகோலாகக் கொண்டது நிர்வாகத்திற்கு எளிது. ஆயினும் 600 மீட்டருக்கு மேலுள்ள ஒரு ஹெக்டேர் சோலையும், அதே உயரத்தில் மரம் வெட்டி வெறுமையாக்கப்பட்ட ஒரு ஹெக்டேர் சரிவும் அந்த அளவுகோலில் சமம். ஏப்ரல் மாதத்து ஓடையில் சமமல்ல. மத்திய உதவியுடன் நடந்த அத்திட்டம் நிறுத்தப்பட்டபின், இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளும் நிதி ஏற்பாடு எதுவும் அதன் இடத்தை நிரப்பவில்லை என்பதே என் கருத்து.

பொன்முடிக்குத் தெற்கே, இதே மலைத்தொடரில், கரமனையாற்றின் குறுக்கே பேப்பாறை அணை 1983இல் பயன்பாட்டிற்கு வந்தது. அதே ஆண்டில் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி, 53 சதுர கி.மீ. பரப்பில், வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. திருவனந்தபுரம் நகரின் குடிநீர் இவ்வணையிலிருந்தும் அதற்குக் கீழுள்ள அருவிக்கரையிலிருந்தும் வருகிறது. துலாவர்ஷம் டிசம்பரில் ஓய்ந்தால், ஜூன் மாதத்து மழை வரும் வரை ஆறு ஓடுவதற்கு மேலே உருகுவதற்குப் பனி எதுவுமில்லை. அந்த ஐந்து மாதங்களும் நகரம் குடிப்பது, அணையில் தேங்கியதும் காட்டுமண் கசியவிட்டதும் ஆகிய நீரையே.