புது எஞ்சினும் முதல் ஆயிலும்
(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் போய் நிற்கப்போவது ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை கேட்டுகளில்தான். 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனமே 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலை திறந்தது. ஆனால் புது எஞ்சினை எப்படி ஓட்டிப் பழக்குவது என்று கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள்.

நான் சூடுபட்டவன். அண்ணன் ஷிப்டுக்குப் போகும் பழைய 100 சிசி வண்டிக்கு ரீபோர் செய்தோம். "ஐடிலிங்ல விடுடா, ரிங் தானா செட்டாயிடும்" என்றார்கள். தினமும் அரைமணி நேரம் ஐடிலிங்; மிச்ச நேரம் டாப் கியரில் உருட்டல். "புது ஆயில்தானே, எதுக்கு வீண் செலவு?" என்று ஆயிலையும் மாற்றவில்லை. மூன்றே மாதத்தில் நீலப்புகை! பிரித்தால் போர் கண்ணாடி மாதிரி பளபளத்தது. மறுபடி ஹோனிங், புது ரிங் செட். அண்ணன் சம்பளத்தில் பாதி அதற்கே போயிற்று.

காரணம் என்ன?

ஹோனிங் செய்த சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் இருக்கும். பள்ளத்தில் ஆயில் தங்கும். மேடுகளை ரிங் தேய்த்துச் சமன் செய்யும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த இழுவிசை மட்டுமல்ல. ரிங்கின் பின்னால் புகும் எரிவாயு அழுத்தமும்தான். ஐடிலிங்கில் அந்த அழுத்தம் குறைவு. ரிங் சரியாகப் படியாமல், சுவரில் தங்கிய ஆயில் வெந்து பூச்சாகப் படிகிறது. பிறகு ரிங் படியவே படியாது. அதற்காக முறுக்கிப் பிடித்தாலும் ஆபத்து; சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

தேய்ந்த இரும்புத்துகள் எங்கே போகும்? ஆயிலுக்குத்தான். பைக்கில் கியருக்கும் கிளட்சுக்கும் அதே ஆயில் என்பதால் அவற்றின் துகளும் சேரும். அதனால்தான் ராயல் என்ஃபீல்டு 500 கி.மீ. முதல் சர்வீஸிலேயே ஆயிலை மாற்றச் சொல்கிறது. ஹோண்டா ஜி.எக்ஸ்.160 போன்ற பம்ப்செட் எஞ்சினில் ஆயில் ஃபில்டரே கிடையாது. ஆயிலை வாரியடித்தே உயவு நடக்கிறது. ஆகவே முதல் மாதம் அல்லது 20 மணி நேரத்தில் மாற்ற வேண்டும். அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை.

செய்ய வேண்டியவை:

1. ஸ்டார்ட் செய்து சிறிது நேரத்தில் கிளம்புங்கள். ஒரே வேகத்தில் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

2. ஏற்றத்தில் டாப் கியரில் திணற விடாதீர்கள், கியரைக் குறையுங்கள்.

3. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஆயிலை வடியுங்கள். துகளும் சேர்ந்து வரும். சாம்பல் நிற மாவு போல இருந்தால் இயல்பு. செதில் செதிலாக வந்தால் உஷார்!

4. ட்ரெய்ன் பிளக்குக்குப் புது வாஷர் போடுங்கள். அலுமினிய மரை, முழு பலத்தையும் காட்ட வேண்டாம்.

5. கிளட்ச் ஆயிலில் நனையும் பைக்குக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 தர ஆயில்தான். கார் ஆயில் சிலவற்றில் கிளட்ச் வழுக்கும்.

6. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்கே குடிநீர். சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியோடு வரும் கையேட்டைப் படியுங்கள். கிலோமீட்டர் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும், காரணம் மாறாது. காரணம் தெரிந்தவன் டெக்னீஷியன். தெரியாதவன் என்னைப்போல் இருமுறை செலவு செய்வான்!