விதையில் உறையும் பகை

நுழையும்முன்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது பழமொழி. ஆயின், முளையிலே தெரியாத நோய்களும் உண்டு. பசுமையாய் வளர்ந்து, கதிர் முற்றும் காலத்தில் மணிக்கு மாறாகக் கரும்பொடியைத் தரும் பயிர்கள் உழவரை நெடுங்காலம் திகைக்க வைத்தன. அந்நோயின் மூலம் கண்டறியப்பட்ட வரலாற்றையும், அதனை விதையிலேயே தடுக்கும் முறைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

கதிரில் விளைந்த கரி

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கோதுமை வயல்களில் கரிப்பூட்டை நோய் பெருங்கேடு விளைவித்தது. நோயுற்ற மணி தோற்றத்தில் கோதுமையைப் போன்றே இருக்கும். நசுக்கினால் அழுகிய மீனின் நாற்றத்துடன் கரும்பொடி சிதறும். பனியும் தீய காற்றுமே இதற்குக் காரணம் எனப் பலர் நம்பினர்.

மத்தியூ தில்லே என்பவர் அந்நம்பிக்கையை வயலில் சோதித்தார். நிலத்தைப் பல பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றில் தூய விதையையும், சிலவற்றில் கரும்பொடி தடவிய விதையையும், வேறு சிலவற்றில் உப்பும் சுண்ணாம்பும் கொண்டு நேர்த்தி செய்த விதையையும் விதைத்தார். பொடி தடவிய பாத்திகளில் நோய் மிகுந்தது. நேர்த்தி செய்த பாத்திகளில் குறைந்தது. இம்முடிவை அவர் 1755 இல் வெளியிட்டார். எனினும், பொடியில் ஏதோ நச்சுப்பொருள் உள்ளதென்றே கருதினார்.

அப்பொடி உயிருள்ளது என்பதை 1807 இல் பெனெதிக்ட் பிரெவோ மெய்ப்பித்தார். பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு பூசண வித்து. அது நீரில் முளைவிடுவதை அவர் நுண்ணோக்கியில் கண்டார். செம்பு கலந்த நீரில் அம்முளைப்பு தடைப்படுவதையும் அறிந்தார். அன்றைய அறிஞருலகம் இதனை ஏற்கவில்லை. நுண்ணுயிர்களே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை நிலைபெற மேலும் அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

நோய் தொடரும் வழி

தமிழகத்தின் மானாவாரிச் சோளத்திலும் இத்தகைய கரிப்பூட்டை நோய் காணப்படுகிறது. கதிரடிக்கும்போது நோயுற்ற மணிகள் உடைந்து, பூசண வித்துகள் நல்ல விதைகளின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. விதை முளைக்கையில் அவையும் முளைத்து நாற்றினுள் நுழைகின்றன. வெளியே அடையாளம் காட்டாமல் பயிருடன் வளர்ந்து, பூக்கும் பருவத்தில் மணியின் இடத்தைப் பற்றுகின்றன. களத்தில் நேர்ந்த கலப்பு அடுத்த பருவத்தில் வயலின் இழப்பாகிறது.

கம்பில் தோன்றும் தேனொழுகல் நோயின் இயல்பு வேறு. பூக்கும் காலத்தில் பூசணம் பூவினைத் தாக்க, கதிரிலிருந்து தேன் போன்ற பிசுபிசுப்பான நீர் வடிகிறது. பின்னர், மணி இருக்க வேண்டிய இடத்தில் கருநிறப் பூசணக்கட்டி உருவாகிறது. இது மனிதருக்கும் கால்நடைக்கும் நஞ்சாகும்.

தெரிந்து தெளிவோம்

இடைக்கால ஐரோப்பாவில், இவ்வகைப் பூசணக்கட்டி கலந்த ‘ரை’ தானிய ரொட்டியை உண்டோர் கைகால் எரிச்சலாலும் உறுப்பழுகலாலும் துன்புற்றனர். அந்நோய் ‘புனித அந்தோணியார் நெருப்பு’ எனப்பட்டது. மகப்பேற்றின்பின் குருதிப்போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்தொன்று அதே பூசணத்திலிருந்து பெறப்பட்டது.

விதை நேர்த்தி

10 லிட்டர் நீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து, கம்பு விதையை அதில் இட வேண்டும். எடை குறைந்த பூசணக்கட்டிகளும் பதர்களும் மிதக்கும். அவற்றை நீக்கிவிட வேண்டும். மூழ்கிய விதைகளை நன்னீரில் இரண்டு மூன்று முறை கழுவி நிழலில் உலர்த்துவர். கழுவாவிடில் உப்பு முளைப்புத்திறனைக் கெடுக்கும்.

சோள விதையின்மேல் ஒட்டிய வித்துகள் கண்ணுக்குப் புலப்படா. நீரில் பிரித்தெடுக்கவும் இயலாது. எனவே, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கந்தகத்தூள் கலந்து விதைப்பதுண்டு. நெல்விதைக்குச் ‘சூடோமோனாஸ்’ என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கிலோவுக்கு 10 கிராம் வீதம் கலப்பர். மருந்து கலந்த விதை எஞ்சினால், அதனை உணவாகவோ தீவனமாகவோ பயன்படுத்துதல் கூடாது.

கதிரில் கரி தோன்றியபின் அந்த மணியை மீட்க வழியில்லை. பயிரைக் காக்கும் வாய்ப்பு விதைப்பதற்கு முன்பே அமைகிறது. அடுத்த ஆண்டுக்கென விதை எடுத்துவைக்கும் உழவர், நோயற்ற வயலின் கதிர்களைத் தனியே அறுத்துத் தனியே அடிப்பது இதனால்தான் இன்றியமையாததாகிறது.

கற்பவை கற்றபின்

1. தில்லே ஒரே நிலத்தைப் பல பாத்திகளாகப் பிரித்துச் சோதித்ததன் பயனை விளக்குக.

2. உப்புநீர் முறை கம்பின் பூசணக்கட்டியை நீக்கும். சோளக் கரிப்பூட்டைக்குப் போதாது. காரணம் கூறுக.

3. உங்கள் பகுதி உழவர்கள் விதையைத் தேர்ந்து பாதுகாக்கும் முறைகளைக் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.