அளவு நாடா

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியனாக 22 வருஷம் விசில் ஊதிவிட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டுச் சங்கம் ஒன்றின் மாவட்டச் செயலாளர் என்ற சம்பளமில்லாத உத்தியோகத்தில் நான் அமர்ந்தபோது, இந்தக் காரியத்துக்கு வேண்டிய முதல் யோக்யதை கருணைதான் என்று மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை, முதல் போட்டி நாளன்று நண்பகலுக்குள் கலைந்துபோயிற்று.

சித்திரை மாதம். சக்கர நாற்காலியில் வந்திருந்த குண்டு எறியும் பெண்மணி ஒருவர், நான் நீட்டிய தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாரே தவிர, மூடியைத் திருகவில்லை. இரண்டாம் முறை போனேன். மூன்றாம் முறையும் போய், "குடிங்கம்மா, வெயில் கொளுத்துது" என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "குடிச்சா எங்க சார் போறது?" என்றார். கழிப்பறைகள் ஆறு இருந்தன; முந்தின நாளே நேரில் பார்த்து, பினாயில் ஊற்றிக் கழுவச் சொல்லி, 'சரி' என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். வாசலை மட்டும் அளக்கவில்லை. நிலைக்கு நிலை 28 அங்குலம் இருந்தும், முழுதும் திறக்காத கதவு அடைத்துக்கொண்டதுபோக மிஞ்சியது 24 அங்குலம். அவருடைய நாற்காலியோ 26 அங்குலம். வெளியூர்ப் போட்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்பதை முன்னனுபவத்தால் அறிந்து, முந்தின இரவு முதலே அவர் தண்ணீரைத் தொடாமல் வந்திருக்கிறார்.

அன்று மாலையே தையற்சாமான் கடையில் ஓர் அளவு நாடா வாங்கினேன். அது இன்றும் என் சட்டைப் பையில் இருக்கிறது. இந்தப் பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: மைதானத்தை நேரில் போய் அளந்து பாருங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. அரை அடிப் படிக்கே ஆறடி வேண்டும். "எல்லா வசதியும் இருக்கு சார்" என்று தொலைபேசியில் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை; நாற்காலியில் அமர்ந்து ஏறிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நிகழ்ச்சி நிரல் தயாரிப்பதும் தனி சாஸ்திரம். கழுத்தெலும்போடு தண்டுவடமும் சேதமுற்றவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்வை சுரப்பது குன்றிவிடுவதால், உடம்பின் உஷ்ணம் தணிய வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும்; அவர்களுடைய போட்டியை உச்சிவேளையில் வைப்பது அபாயம். அமர்ந்து எறியும் போட்டியிலோ, எறிபவரின் இருக்கை மெத்தையோடு சேர்த்து 75 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் இருக்கிறதா என்று பார்த்து, வார்களால் தரையோடு இறுக்கிக் கட்டி, அவர் தம் வாய்ப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எறிந்து முடித்த பிறகே அடுத்தவர் இருக்கையைக் கட்ட வேண்டும். ஒரு மணி நேரம் என்று நான் குறித்த போட்டி, விளக்கு வெளிச்சத்தில் முடிந்தது.

வகைப்பாட்டில் நான் செய்த பிழை இதைவிடப் பெரிது. மருத்துவச் சான்றிதழில் உள்ள சதவீதம் அரசுச் சலுகைகளுக்கானது. எந்தப் பிரிவில் ஆடலாம், ஆடவே தகுதி உண்டா என்பதை விளையாட்டு வகைப்பாட்டாளர்களே தனியாகப் பரிசோதித்து நிர்ணயிப்பார்கள். இதை அறியாமல், காது கேளாத பையன் ஒருவனை ஓட்டப் பந்தயத்துக்குப் பதிவு செய்து மாநிலப் போட்டிக்கு அனுப்பிவிட்டேன். காது கேளாதோருக்கு 1924 முதலே தனி உலகப் போட்டி உண்டு. பாராலிம்பிக் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. இரவெல்லாம் பஸ்ஸில் பிரயாணம் செய்து போனவன், ஓடாமலே திரும்பினான். அவன் தாயாரிடம் என்ன சமாதானம் சொன்னேன் என்பது நினைவில்லை. சொல்லத்தக்க சமாதானம் எதுவும் இருந்ததாகவும் தோன்றவில்லை. 2021இல் டோக்கியோவில் நம் நாட்டு வட்டு எறிவீரர் ஒருவர் வென்ற வெண்கலமே, அந்தப் பிரிவுக்கு அவர் தகுதியற்றவர் என்ற மறுபரிசீலனை முடிவால் ரத்தாயிற்று. ஆகையால் யாரையும் பயிற்சிக்குச் சேர்ப்பதற்கு முன்பே வகைப்பாட்டைப் பற்றிப் பேசிவிடுங்கள். ஆசையை வளர்த்த பிறகு பேசுவது கொடுமை.

2016இல் ரியோவில் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற பிறகு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வரத் தொடங்கினார்கள். பலரும் முதலில் கேட்பது, "வேலை கிடைக்குமா சார்?" என்பதுதான். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் சக நிர்வாகிகளைக் கண்டிருக்கிறேன். எனக்கு அது மிகவும் நியாயமான கேள்வியாகவே படுகிறது.

பரிசளிப்பு மேடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாம் இடத்தார் படியில் நிற்க, முதலிடத்தார் நாற்காலியோடு தரையில் இருந்த கோலத்தை ஒருமுறை பார்த்த பின், தரையிலேயே சுண்ணாம்பால் மூன்று கட்டங்கள் போட்டுவிடுகிறேன். பிரமுகர்களின் பிரசங்கத்துக்கு ஐந்து நிமிஷம், கேட்பவர்கள் நிழலில். இதனால் சில பிரமுகர்கள் மறுவருஷம் வருவதில்லை.

அதே மைதானத்தில் அடுத்த வருஷம் போட்டி வைத்தபோது, தச்சரை அழைத்து ஒரு கழிப்பறைக் கதவைக் கழற்றிவிட்டுக் கனத்த திரையொன்று தொங்கவிட்டேன். கதவைத் திரும்ப மாட்டுவது யார் என்று தச்சர் கேட்டார், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அது இன்றும் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கிறது. கேட்டு எவரும் கடிதம் எழுதவில்லை.