சேர்க்கை சரியில்லை என்று சொல்வதற்கு முன்

அரியர் முடியாமல், வேலை கிடைக்காமல், கிடைத்த வேலையையும் விட்டுவிட்டு அறைக்குள் முடங்கிக் கிடக்கும் வளர்ந்த பிள்ளைகளிடம் பெற்றோர் பேச்சு எடுபடுவதில்லை. நண்பன் பேச்சும் காதலி பேச்சும் எடுபடுகின்றன. அந்தச் செல்வாக்கைப் பிள்ளையின் நன்மைக்குத் திருப்பச் சில குறிப்புகள்.

1. நெருங்கிய நண்பர்களின் பெயர், ஊர், செய்யும் வேலை தெரிந்திருக்கட்டும். விசாரணைபோல் கேட்க வேண்டாம். வீட்டுக்கு வந்தால் உட்காரவைத்துத் தோசை ஊற்றுங்கள்; சாப்பிடும்போது பேச்சு தானே வரும்.

2. "அவன்கூடச் சேராதே" என்றால் சேர்க்கை நிற்காது, உங்களுக்குத் தெரியாமல் தொடரும். நண்பனைத் திட்டாமல் நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தே, காலையில இன்டர்வியூ போச்சு."

3. நண்பனின் தாடியையும் சட்டையையும் பார்த்து எடைபோடாதீர்கள். அவனைப் பார்த்துவிட்டு வந்தபின் உங்கள் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று சில வாரங்கள் கவனியுங்கள். தூக்கம், சாப்பாடு, பணம், வேலை தேடும் முனைப்பு ஆகிய நான்கும் சொல்லிவிடும். தானும் வேலையில்லாமல் இருந்துகொண்டு, டிஎன்பிஎஸ்சி படிக்க நூலகத்துக்கு அழைத்துப்போகும் நண்பன் பெரிய துணை.

4. கூட்டம் சேர்ந்தால் துணிச்சல் கூடும். 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 18 முதல் 22 வயதுள்ளவர்கள் கணினிக் கார் விளையாட்டில் கூடுதல் ஆபத்தை எடுத்தார்கள்; 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. எனவே கூட்டமாகப் போகும் இரவில் பைக் வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். "எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வர்றேன், அப்போ ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்" என்று சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

5. நண்பனுக்காக ஜாமீன் கையெழுத்து போடுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கும் பழக்கம் வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. இதைவிட ஆபத்தானது, "உன் பேங்க் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் கொடு, கமிஷன் தர்றேன்" என்ற பேச்சு. மோசடிப் பணம் அந்தக் கணக்கில் வந்து போனால் கணக்கு முடங்கும், போலீஸ் விசாரணை கணக்குக்காரரைத் தேடித்தான் வரும். கையில் காசில்லாத பிள்ளைகளிடம்தான் இந்தப் பேச்சு சுலபமாக எடுபடுகிறது. கொடுத்துவிட்டது தெரியவந்தால் திட்டிக்கொண்டு நிற்காமல் உடனே வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் சொல்லுங்கள்.

6. மகளின் காதலன் எந்தச் சாதி, எவ்வளவு சம்பளம் என்பதைவிட அவளை எப்படி நடத்துகிறான் என்று பாருங்கள். போன் பாஸ்வேர்டைக் கேட்கிறானா? தோழிகளிடமிருந்து பிரிக்கிறானா? வேலையை விடச் சொல்கிறானா? பிரிந்தால் கையை அறுத்துக்கொள்வேன் என்று மிரட்டுகிறானா? அப்படியென்றால் அவளிடம் கோபப்படாதீர்கள். வீட்டுக் கதவை நாம் சாத்தினால் அவளுக்கு அவன் ஒருவன்தான் மிச்சம். பெண்கள் உதவி எண் 181ஐ அவளிடம் கொடுத்துவையுங்கள்.

7. "ஒரு கல்யாணத்தைப் பண்ணிவெச்சா திருந்திடுவான்" என்று குடிக்கும் மகனுக்குப் பெண் தேடாதீர்கள். நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் பெரும் அநியாயம் இது. குடிநோய்க்குச் சிகிச்சை இருக்கிறது. சென்னை அடையாறு டிடிகே மருத்துவமனை 1980 முதல் அந்தப் பணியைச் செய்துவருகிறது. முதலில் சிகிச்சை, பிறகு மற்றவை. மகனின் காதலியிடமும் "நீயாவது திருத்தும்மா" என்று பாரத்தை ஏற்றக் கூடாது.

8. நல்ல நண்பனிடம் உதவி கேட்கலாம், வேவு பார்க்கச் சொல்லக் கூடாது. "வாரத்துல ரெண்டு நாள் அவனை வாக்கிங் கூட்டிட்டுப் போப்பா" என்று சின்னதாக, தெளிவாகக் கேளுங்கள். கேட்டதை மகனிடமும் சொல்லிவிடுங்கள்.

9. உங்கள் எண்ணை அந்த நண்பனிடம் கொடுத்துவையுங்கள். சாகப்போகிறேன் என்ற பேச்சைப் பெற்றோருக்கு முன்பே நண்பர்கள் கேட்டுவிடுவது உண்டு. அவன் போன் செய்தால் "சும்மா சொல்லியிருப்பான்" என்று தள்ளாமல், அன்றே பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள். டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416இல் இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.